இரு மாணவர்களும் ஒரு வண்ண அட்டையும்: உளவியல் சோதனை வடிவமைப்பு உருவான கதை, 1886–1935

1886இல் ‘மைண்ட்’ ஆய்விதழில் ஜேம்ஸ் மக்கீன் கேட்டல் வெளியிட்ட துலங்கல் நேர அட்டவணைகளில் இரண்டு எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன: பி, சி. பி என்பவர் பெர்கர், சி கேட்டலேதான். இருவரும் லைப்சிக்கில் படித்தவர்கள். ஒருவர் கருவியைக் கவனிக்க, மற்றவர் துலங்குவார். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1935இல், அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் செய்த முனைவர் பட்ட ஆய்வு அச்சேறியது. அதில் பங்கேற்றவர்களுக்கு முதலெழுத்துகூடக் கிடையாது. முதல் சோதனையில் 70 பேர், இரண்டாவதில் 100 பேர், மூன்றாவதில் 32 பேர் என்று தலைக்கணக்கு மட்டுமே.

பெயர் போய் எண் வந்த இந்த இடைவெளியில்தான் இன்று நாம் சோதனை வடிவமைப்பு என்று சொல்லும் கலை உருப்பெற்றது. முன்பு பயிற்சி பெற்ற ஆள் தந்த உத்தரவாதத்தைப் பின்னாளில் அட்டையின் அமைப்பும் வரிசைமுறையும் தர வேண்டியதாயிற்று என்பதே இக்கட்டுரையின் வாதம். இரண்டு முனையிலும் அந்த வேலையைச் செய்தவர்கள் மாணவர்கள் என்பது தற்செயல் அல்ல.

வில்ஹெல்ம் உன்ட் 1879இல் லைப்சிக்கில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் சோதனைக்கு உட்படுவது தாழ்ந்த வேலையாகக் கருதப்படவில்லை. மாக்ஸ் ஃப்ரீட்ரிக் என்ற மாணவரின் ஆய்வுக்காக உன்ட்டே துலங்குபவராக உட்கார்ந்தார். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் ஹிப் காலமானியை மாணவர் இயக்க, ஆசிரியர் பதில் கொடுத்தார். தேர்ந்த உற்றுநோக்கரின் சொல்லையே நம்பலாம் என்ற கொள்கை அதற்குப் பின்னால் இருந்தது. இந்தப் பாத்திர மாற்றத்தை வரலாற்றாசிரியர் குர்ட் டான்சிகர் 1990இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார்.

கேட்டலுக்கு இந்த அகநோக்கு முறை ஒத்துவரவில்லை. மனத்துக்குள் எது எப்போது நிகழ்ந்தது என்று பிரித்துச் சொல்லத் தன்னால் இயலாது என்று கண்டவர், சோதனைகளில் ஒரு பகுதியைத் தன் அறையிலேயே கருவி வைத்து நடத்தினார். சுழலும் உருளையில் எழுத்துகளை ஒட்டி, குறுகிய பிளவின் வழியே அவை நகர்ந்துபோகும்போது வாய்விட்டுப் படிக்கச் செய்தார். சொற்களையும் எழுத்துகளையும் படிப்பதைவிட நிறங்களுக்கும் படங்களுக்கும் பெயர் சொல்ல ஏறக்குறைய இரு மடங்கு நேரம் பிடித்தது. நிறத்தை அடையாளம் காண்பதில் தாமதம் இல்லை. அதற்குரிய பெயரைத் தேடி எடுப்பதில்தான் தாமதம். படிப்பது பழகிப் பழகித் தானாக நடக்கிறது, நிறத்துக்குப் பெயர் சொல்ல முயற்சி வேண்டியிருக்கிறது என்று கேட்டல் விளக்கினார்.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இந்த வேறுபாட்டைப் பலரும் அளந்தார்கள். பழக்கமா, வேறு ஏதேனுமா என்று வாதிட்டார்கள். ஆனால் படிப்பதைத் தனியாகவும் பெயர் சொல்வதைத் தனியாகவும் அளந்து ஒப்பிடுவதே வழக்கமாக இருந்தது. ஸ்ட்ரூப் இரண்டையும் ஒரே இடத்தில் மோதவிட்டார்: ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையில் அச்சிட்டார். இவ்வளவு எளிய யோசனை அதுவரை பரவலாகாமல் இருந்தது வியப்புக்குரியது.

அவருடைய அட்டையை நெருங்கிப் பார்த்தால் யோசனையைவிட உழைப்பு பெரிது என்பது தெரியும். பத்து வரிசை, பத்துப் பத்தி, மொத்தம் 100 சொற்கள். சிவப்பு, நீலம், பச்சை, பழுப்பு, ஊதா என ஐந்து நிறங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரிசையிலும் பத்தியிலும் இரண்டு முறை. ஒரே நிறம் அடுத்தடுத்து வராது. ஒவ்வொரு சொல்லும் மற்ற நான்கு நிற மைகளில் சம அளவில் அச்சாகியிருக்கும். பாதிப் பேர் ஒரு வரிசையிலும் மீதிப் பேர் அதன் தலைகீழ் வரிசையிலும் சோதிக்கப்பட்டார்கள். பழக்கத்தால் வரும் வேகமும் களைப்பால் வரும் மந்தமும் ஒரு பக்கமே சாய்ந்துவிடக் கூடாதே! லைப்சிக்கில் இத்தனை ஏற்பாடும் வேண்டியிருந்திருக்காது. உன்ட்டின் பயிற்சியே போதும் என்று விட்டிருப்பார்கள். பயிற்சி இல்லாத கல்லூரி மாணவர்கள் நூறு பேர் வந்து உட்காரும்போது அட்டைதான் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும்.

முடிவுகள் இவை. மை நிறம் எதுவானாலும் சொல்லைப் படி என்றபோது கூடிய நேரம் 2.3 நொடி மட்டுமே. நம்பத்தக்க வேறுபாடு அல்ல என்று ஸ்ட்ரூப்பே ஒதுக்கினார். சொல்லை விட்டுவிட்டு மையின் நிறத்தைச் சொல் என்றபோது, வெறும் வண்ணச் சதுரங்களுக்கு 63.3 நொடி ஆன இடத்தில் 110.3 நொடி ஆயிற்று. கூடுதல் 74.3 விழுக்காடு. மூன்றாவது சோதனையில் சதுரத்தை எடுத்துவிட்டு ஸ்வஸ்திகா வடிவத்தை அச்சிட்டார். எழுத்தின் இடைவெளிகளில் தாளின் வெள்ளை தெரிவதுபோல அந்த வடிவத்திலும் தெரியும் என்பதால் நிற அடர்த்தி நெருங்கி வரும் என்பது கணக்கு. ஜெர்மனி அதைத் தேசியக் கொடியாக்கிய அதே ஆண்டில் இந்தக் கட்டுரை வெளிவந்ததை இன்றைய வாசகர் கவனிக்காமல் இருக்க முடியாது.

ஸ்ட்ரூப் பின்னாளில் விவிலியப் போதகராகவும் ஆசிரியராகவுமே வாழ்ந்தார்; அவருடைய அட்டை உலகமெங்கும் போயிற்று. இந்தியாவிலும் கல்கத்தா, மைசூர், சென்னைப் பல்கலைக்கழகங்களில் ஸ்ட்ரூப்பின் கட்டுரைக்கு முன்னும் பின்னுமாக உளவியல் துறைகள் எழுந்தன. அப்படியொரு துறையில் ஸ்ட்ரூப்பின் அட்டையைத் தமிழில் தயாரிக்கும் மாணவர் முதலில் அஞ்சுவது சொல்லின் நீளத்தை: சிவப்பு நான்கெழுத்து, ஊதா இரண்டெழுத்து. அந்த அச்சம் பெரும்பாலும் வீண். ஸ்ட்ரூப்பின் ஆங்கிலச் சொற்களும் மூன்றெழுத்திலிருந்து ஆறெழுத்து வரை இருந்தவைதாம். சதுர அட்டையிலும் சொல் அட்டையிலும் வாய் சொல்வது அதே நிறப் பெயர்கள் என்பதால், நீளத்தின் செல்வாக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகவே விழும்.

உண்மையான சிக்கல் வேறு. ஊதாவைப் பார்த்தவர் வயலட் என்பாரா, கத்தரிப்பூக் கலர் என்பாரா? பழுப்பு என்பாரா, காப்பிப்பொடிக் கலர் என்பாரா? அந்தத் தயக்கம் சதுரத்துக்கும் சொல்லுக்கும் பொதுதான். ஆனால் ஆளுக்கு ஆள் மாறி, நேரத்தைக் கலங்கடித்துவிடும். இதைவிடப் பெரியது மொழிக் கலப்பு. அட்டையின் சொல்லும் வாயின் பதிலும் ஒரே மொழியில் இருந்தால் அந்தச் சொல் போடும் தடை மிகுதி, மொழி மாறினால் குறையும் என்று பிரெஸ்டனும் லாம்பர்ட்டும் 1969இல் இருமொழியாளரிடம் காட்டினார்கள். ‘பச்சை’ என்ற சொல் சிவப்பு மையில் இருக்க, வகுப்புத் தோழர் பழக்கதோஷத்தில் ‘ரெட்’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாப்வாட்சைப் பிடித்திருப்பவர் அதையும் சரி என்று டிக் போட்டால், தடை குறைந்ததற்குக் காரணம் அட்டையா, மொழியா என்று பின்னால் எந்தக் கணக்காலும் பிரித்தெடுக்க முடியாது.