போதிகை சொன்ன காலக்கணக்கு



பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை வரலாற்றில் முனைவர் ஆய்வு செய்ய விரும்புவதாக ஸ்பிரிங்வேலில் வாழும் நம் பிள்ளையொருவர் கூறினால், "அது பிழைப்புக்கு உதவுமா?" என்பதே பெற்றோரின் முதற் கேள்வியாயிருக்கும். கேள்வி நியாயமானதே. ஆயினும், அத்தகைய ஓர் ஆய்வு தமிழருக்குத் தந்ததை அறிந்தபின் விடை கூறுதல் நன்று.

புதுச்சேரிக் கல்லூரியொன்றில் ஆசிரியராயிருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ-துப்ரேய். தென்னிந்தியத் தொல்லியல் குறித்த அவரது ஆய்வு 1914இல் பாரிசில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஒன்று கட்டடக்கலை பற்றியது. மற்றது தெய்வ உருவங்கள் பற்றியது. பாரிஸ் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது.

கல்வெட்டுள்ள கோயிலுக்குக் காலம் சொல்வது எளிது. கல்வெட்டில்லாத கோயிலுக்கு எவ்வாறு சொல்வது? அவர் தூணின் உச்சியை நோக்கினார். அங்கே உத்தரத்தைத் தாங்கும் கல்லுக்குப் போதிகை என்று பெயர். பல்லவர் காலத்தில் அது அலையலையாக வளைந்திருக்கும். சோழர் காலத்தில் சாய்வாக வெட்டப்பட்டு, நடுவில் முன்னே நீண்டிருக்கும். விசயநகரக் காலத்தில் பூமொட்டாகத் தொங்கும். காலம் தெரிந்த கோயில்களை வரிசைப்படுத்தி, இத்தகைய சிற்றுறுப்புகளின் மாற்றத்தைக் கொண்டு, ஏறத்தாழ கி.பி. 600 முதல் தம் காலம் வரையிலான கோயிற்கலையை ஐந்து காலங்களாக வகுத்தார். அரச மரபுகளின் பெயரால் அவர் செய்த பகுப்பைப் பிற்கால அறிஞர் சிலர் திருத்தினர். உறுப்புகளை ஒப்பிட்டுக் காலம் காணும் முறையோ நிலைத்துவிட்டது.

அவர் ஏடுகளை மட்டும் நம்பவில்லை. அன்று வேலை செய்துகொண்டிருந்த தச்சர்களிடம் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் கேட்டறிந்தார். தலைமுறை தலைமுறையாக உளியோடு வாழ்ந்த சொற்கள் இவ்வாறு பாரிசின் ஆய்வேட்டில் இடம்பெற்றன.

இது நமக்கும் உரிய பாடம். தாயகத்தில் பழைய ஆலயங்களை இடித்துப் புதியன எழுப்ப, நாம் இங்கிருந்து மனமுவந்து பணம் அனுப்புகிறோம். இடிந்த சுவரோடு அதன் அளவும், சுண்ணாம்புச் சாந்தின் பக்குவமும், கொத்தனாரின் சொல்லும் மறைந்துவிடுகின்றன. எனவே, அடுத்த காசோலையுடன் ஒரு வேண்டுகோளையும் அனுப்புங்கள்: இடிப்பதற்கு முன் அளந்து வரையுங்கள், படமெடுங்கள், முதிய கொத்தனாரை அமர்த்தி, அவர் சொல்வதை எழுதி வையுங்கள்.

ஆய்வு செய்ய விரும்பும் பிள்ளை நம்மிடையே எழும்போது, கற்பதற்குச் சான்றுகள் எஞ்சியிருக்க வேண்டும்.