வீட்டை இழுக்கும் லொறி

சட்டம் சொத்துக்களை அசையும் சொத்து, அசையாச் சொத்து என இரண்டாக வகுத்து வைத்திருக்கின்றது. வீடு இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதில் நம்மவர் எவருக்கும் ஐயம் இருப்பதில்லை. காணி, கிணறு, வேலி, படலை எல்லாம் சேர்ந்ததே நமக்கு வீடு. ஆனால், அமெரிக்காவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, சக்கரங்களின் மேல் அமைந்த வேறொரு வீட்டில் ஆண்டு முழுவதும் நெடுஞ்சாலைகளிலேயே வாழ்கின்ற ஒரு கூட்டத்தினர் உண்டு. அவர்களுள் ஒரு சிறு பிரிவினர், துறைமுகத்தில் கொள்கலன்களை இழுக்கும் 'பிறைம் மூவர்' வகைக் கனரக லொறியைச் சொந்தமாக வாங்கி, அதன் பின்னால் தமது வீட்டைப் பூட்டிக்கொண்டு நாடு முழுவதும் சுற்றி வருகின்றனர்.

சரக்கும் வாகனமுமாக 36 தொன் எடையுடன் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடுவதற்கென உருவாக்கப்பட்டது இந்த லொறி. கணவனும் மனைவியுமாக இருவர் மட்டுமே வாழும் வீட்டை இழுப்பதற்கு இத்தகைய வாகனம் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. வசதி படைத்தவர்களின் வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடவும் தோன்றும். ஆயினும், இதற்குரிய விடை அமெரிக்க நெடுஞ்சாலைகளின் தொண்ணூறு ஆண்டுகால வரலாற்றில் இருக்கின்றது.

வீட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படும் வழக்கம் அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர்களின் உல்லாசமாக மட்டும் வளர்ந்ததன்று. 1930 களில் பெரும் பொருளாதார மந்தமும் புழுதிப் புயல்களும் ஒன்றாகத் தாக்கியபோது, ஒக்லஹோமா, டெக்சாஸ், ஆர்கன்சோ முதலிய மாநிலங்களின் விவசாயக் குடும்பங்கள் நிலத்தை இழந்தன. மெத்தை, அடுப்பு, கோழிக்கூடு, முதியோர், குழந்தைகள் என அனைத்தையும் பழைய வாகனங்களில் ஏற்றிக்கொண்டு அவர்கள் கலிபோர்னியாவை நோக்கிச் சென்றனர். அவர்களுட் பலர் சென்ற பாதை, 1926 ஆம் ஆண்டு இலக்கமிடப்பட்ட 66 ஆம் நெடுஞ்சாலை. உழவு இயந்திரப் பெட்டிகளில் வீட்டையே ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்த அனுபவம் உடைய நமக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை.

ஜோன் ஸ்ரைன்பெக் 1939 இல் வெளியிட்ட 'கோபத்தின் கனிகள்' நாவல் இவ்விடப்பெயர்வையே கூறுகின்றது. அதில் வரும் ஜோட் குடும்பத்தினர் பழைய ஹட்சன் கார் ஒன்றின் பின்புறத்தை வெட்டி லொறியாக்கிக் கொள்கின்றனர். அந்த லொறியைப் பராமரிக்கும் பொறுப்பு ஆல் என்ற 16 வயது இளைஞனிடம் இருக்கின்றது. எஞ்சினின் ஓசையில் சிறு மாற்றம் கேட்டாலும் அவன் துணுக்குறுகின்றான். வழியில் உடன் வந்த குடும்பத்தின் கார் பழுதடைய, அவனும் தமையன் டொமும் பழைய இரும்புக் கடையொன்றில் உதிரிப்பாகம் தேடியெடுத்து, தெருவோரத்திலேயே எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகின்றனர். இலக்கிய விமர்சகர்கள் இந்நாவலின் அரசியலைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். ஆனால், வாகனமே வீடாகும்போது அதன் பராமரிப்பே குடும்பத்தின் உயிர்நாடியாகிவிடுகின்றது என்ற உண்மையை அதற்கு நிகராகச் சொன்ன இன்னொரு நாவலை நான் வாசித்ததில்லை.

இவ்வாறு வந்தவர்களைக் கலிபோர்னியா வரவேற்கவில்லை. 1936 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ், தமது நகரத்துப் பொலிஸாரை மாநில எல்லைகளுக்கே அனுப்பி, கையில் காசில்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். வறியவர் ஒருவரை வெளியிலிருந்து மாநிலத்துக்குள் அழைத்து வருவது குற்றம் எனக் கூறும் சட்டமும் அங்கு இருந்தது. பிரெட் எட்வேர்ட்ஸ் என்பவர் டெக்சாஸிலிருந்து தமது மனைவியின் சகோதரரைக் காரில் அழைத்து வந்தமைக்காக அச்சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1941 நவம்பரில் நீதியரசர்கள் ஒருமனதாக அச்சட்டத்தைச் செல்லுபடியற்றதாக்கினர். வறுமையைக் காரணம் காட்டி ஒரு குடிமகனை மாநில எல்லையில் மறிக்க முடியாது என்பது அன்று உறுதியாயிற்று. இன்று ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வீட்டை இழுத்துச் செல்பவர் எவரும் இவ்வழக்கை நினைப்பதில்லை. ஆயினும், அவர்களது சுதந்திரத்துக்கு அதிலும் ஒரு பங்கு உண்டு.

பாதை திறந்துவிட்டது. ஆனால், பாரமான வண்டியை அப்பாதையில் பாதுகாப்பாக ஓட்டுவது எப்படி என்பது வேறொரு கேள்வி.

அக்கேள்விக்கு விடை கண்டவர்களுள் முக்கியமானவர் கிளெசி கமின்ஸ். இந்தியானா மாநிலத்தில் 1919 இல் தமது பெயரிலேயே டீசல் எஞ்சின் தொழிற்சாலையைத் தொடங்கியவர். லொறிகளுக்கு டீசலே உகந்தது என்பதை மெய்ப்பிப்பதற்காக 1931 இல் நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் வரை டீசல் லொறி ஒன்றைச் செலுத்திச் சென்றார். பயணத்தின் இறுதிக் கட்டத்தில், 66 ஆம் நெடுஞ்சாலை கலிபோர்னியச் சமவெளிக்கு இறங்கும் கஹோன் கணவாயில், லொறியின் பிறேக்குகள் சூடேறிச் செயலிழந்தன. கீழே தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தது ஒரு சரக்கு ரயில். மயிரிழையில் உயிர் தப்பினார்.

அந்த அனுபவம் அவரை விட்டு அகலவில்லை. ஓட்டத்தை உண்டாக்கும் எஞ்சினைக் கொண்டே ஓட்டத்தைத் தடுக்க முடியாதா எனச் சிந்தித்து, ஓய்வு பெற்ற பின்னர் அதற்கான கருவியை வடிவமைத்தார். ஜேகப்ஸ் நிறுவனம் 1961 இல் அதனைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. 'ஜேக் பிறேக்' எனச் சாரதிகள் அழைப்பது இதனைத்தான்.

கடுகண்ணாவை இறக்கத்தில் பாரம் ஏற்றிய லொறியைச் செலுத்தியவர்களுக்கு இதன் பெறுமதி எளிதில் விளங்கும். நீண்ட இறக்கத்தில் பிறேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும் என்பதால், குறைந்த கியரில் இறங்குவதே நம்மூர்ச் சாரதிகளும் கைக்கொள்ளும் முறை. கமின்ஸின் கருவி இதற்கு ஒருபடி மேலே செல்கின்றது. எஞ்சினின் உருளைக்குள் காற்று முழுமையாக அமுக்கப்பட்ட தறுவாயில் வெளியேற்று வால்வைத் திறந்து அக்காற்றை வெளியே விட்டுவிடுகின்றது. காற்றை அமுக்குவதற்குச் செலவிட்ட விசை மீண்டும் சக்கரத்துக்குக் கிடைப்பதில்லை. ஆகவே, எஞ்சினே வண்டியைப் பின்னிழுக்கும் காற்றுப் பம்பியாக மாறிவிடுகின்றது. சக்கர பிறேக்கும் குளிர்ச்சியாக, அவசரத்துக்குத் தயாராக இருக்கும்.

வீட்டை வண்டியுடன் பூட்டும் முறையும் இதே காலத்தில்தான் வளர்ந்தது. விமானத்துறை முன்னோடியான கிளென் கேர்ட்டிஸ் 1920 களின் இறுதியில் 'ஏரோகார்' என்ற பயண வீட்டைத் தயாரித்தார். அது வாகனத்தின் பின்முனையில் கொளுவப்படாமல், பின்னச்சின் மேலாகப் பூட்டப்பட்டது. குதிரை வண்டிக் காலத்தில் முன்னச்சின் மேல் கிடையாகப் பொருத்தப்பட்ட வட்டத் தட்டுக்கு வழங்கிய 'ஐந்தாம் சக்கரம்' என்ற பெயரே இம்முறைக்கும் வழங்குகின்றது. பாரம் அச்சின் மேல் அமர்வதால் பின்வீடு அங்குமிங்கும் அலைவது குறைவு.

1960 இல் ஸ்ரைன்பெக் மீண்டும் இக்கதைக்குள் வருகின்றார். வறியோரின் கட்டாயப் பயணத்தை எழுதியவர், 58 ஆவது வயதில், தம் விருப்பத்தின் பேரில் தாமே பயணியானார். ஜிஎம்சி பிக்-அப் ஒன்றின் மேல் சிறு வீடொன்றைப் பொருத்தி, டொன் கிஹோட்டேயின் குதிரையின் பெயரான 'ரொசினாந்தே' என்பதை அதற்குச் சூட்டி, சார்லி என்ற நாயுடன் நாட்டைச் சுற்றினார். 1962 இல் நூலாக வெளிவந்த அப்பயணக் கதையில், ஒறிகன் மாநிலத்தில் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை டயர் வெடித்த சம்பவமும் உண்டு. வாகனத்தில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதை அவர் ஒளிக்கவில்லை. அந்த லொறி இன்று அவர் பிறந்த சலினாஸ் நகரின் ஸ்ரைன்பெக் நிலையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

விருப்பப் பயணம் ஒரு வாழ்க்கை முறையாக உருப்பெற்றது 1970 களில். மின்னியலாளரான ஜோ பீற்றர்சனும் தாதியான அவரது மனைவி கேயும் வீட்டை விட்டு வீதியில் வாழ்ந்தவர்கள். நிறுத்தும் இடமே வீடு என்னும் பொருள்படும் தலைப்பில் கே ஒரு நூலை எழுதினார். 1978 இல் இருவரும் 'எஸ்கப்பீஸ்' என்ற சங்கத்தை நிறுவினர். நிரந்தர வீடில்லாதவருக்கு வங்கிக் கணக்கு, சாரதி அனுமதிப்பத்திரம், வாகனப் பதிவு ஆகிய எதற்கும் ஒரு முகவரி தேவை. டெக்சாஸின் லிவிங்ஸ்ரன் நகரிலுள்ள இச்சங்கத்தின் தலைமையகம் ஆயிரக்கணக்கானோரின் முகவரியாகி, அவர்களது கடிதங்களை அவர்கள் தங்கும் ஊர்களுக்கு அனுப்பி வைத்தது.

நிரந்தரமாகக் குடியிருப்பதென்றால் வீடு பெருக்கத்தான் செய்யும். சலவை இயந்திரமும் பெரிய குளிர்சாதனப் பெட்டியும் பக்கவாட்டில் விரியும் அறைகளும் சேர்ந்தன. 9 தொன் எடையுள்ள பின்வீடுகளும் வந்தன. இழுக்கும் வாகனமும் அதற்கேற்ப வலுப்பெற்றது. 1989 இல் டொட்ஜ் பிக்-அப் வாகனத்தில் கமின்ஸ் நிறுவனத்தின் 5.9 லீற்றர் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டபோது அதன் முறுக்குவிசை 400 அடி-இறாத்தல். 2019 இல் அதே வரிசை வாகனம் 1,000 அடி-இறாத்தலை எட்டியது. விளம்பரங்கள் இதையே பறைசாற்றின.

கனரக லொறியைத் தேடிப் போனவர்களின் வாதம் இங்கேதான் தொடங்குகின்றது. இழுப்பது பெரிதன்று, நிறுத்துவதே பெரிது என்பதே அவர்களின் வாதம். 4 தொன் எடையுள்ள பிக்-அப்பின் பின்னால் அதனிலும் இருமடங்கு எடையுள்ள வீடு இறக்கத்தில் தள்ளிக்கொண்டு வரும்போது, விளம்பரத்தில் கண்ட குதிரை வலு உதவிக்கு வருவதில்லை. கனரக லொறியோ தன்னளவிலேயே 7, 8 தொன் எடையுடையது. காற்றழுத்த பிறேக்கும் ஜேக் பிறேக்கும் அதில் உண்டு. காற்றழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்தால், விசைச் சுருள்கள் தாமாகவே விரிந்து சக்கரங்களைப் பிடித்துவிடும். பழுது ஏற்பட்டாலும் வண்டி ஓடாமல் நிற்கும்படி வகுக்கப்பட்ட ஏற்பாடு இது.

இவற்றைப் பெரும்பாலும் எவரும் புதிதாக வாங்குவதில்லை. போக்குவரத்து நிறுவனங்கள் ஐந்து இலட்சம் மைலுக்கு மேல் ஓட்டிக் கழித்துவிட்ட லொறிகளே இவர்களிடம் வருகின்றன. முறையாகப் பராமரித்தால் பத்து இலட்சம் மைல் ஓடக்கூடிய எஞ்சின் ஆதலால் இதில் வியப்பில்லை. சிலர் பின்னச்சு இரண்டில் ஒன்றை அகற்றிவிட்டு, அடிச்சட்டத்தின் மேல் மேடை அமைத்து, ஊருக்குள் ஓடுவதற்கான சிறு காரையும் அதிலேயே குறுக்காக ஏற்றிச் செல்கின்றனர்.

ஆனால், வாங்குவது எளிது, வைத்திருப்பதே கடினம். ஒருமுறை ஒயில் மாற்றுவதற்கே ஏறத்தாழ 40 லீற்றர் தேவை. காற்றுத் தாங்கிகளில் சேரும் நீரை ஒழுங்காக வெளியேற்றாவிட்டால் அது குளிரில் உறைந்து பிறேக் குழாய்களை அடைக்கும். டயர்களின் பூ தேயாவிட்டாலும் வயது அவற்றைக் கொன்றுவிடும். நாள்தோறும் ஓடும் சரக்கு லொறியின் டயர் தேய்ந்து போகும். மாதக்கணக்கில் நிற்கும் வீட்டு லொறியின் டயரோ வெயிலில் வெடித்துப் போகும். 2007 ஆம் ஆண்டு விதிகளின் பின்னர் வந்த புகைக்கரி வடிகட்டியும், 2010 ஆம் ஆண்டு விதிகளின் பின்னர் பரவலாகிய யூரியாக் கரைசல் முறையும் காற்றின் தூய்மைக்கு அவசியமானவையே. ஆயினும், நீண்ட தூரம் ஓடி நன்கு சூடேறினால்தான் வடிகட்டி தன்னைத் தானே சுத்திகரிக்கும். குறுந்தூரம் ஓட்டி நிறுத்துபவருக்கு அது செலவு வைக்கும். காப்புறுதி தேடுவதும் எளிதன்று. வாணிபச் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான 1986 ஆம் ஆண்டுச் சட்டம் 26,000 இறாத்தலுக்கு மேற்பட்ட வாகனங்களைக் குறித்தாலும், சொந்தப் பாவனை வீட்டு வண்டிகளை மாநிலங்கள் வெவ்வேறு விதமாக நடத்துகின்றன. டெக்சாஸ் போன்றவை அவற்றுக்கும் உயர் வகுப்பு அனுமதிப்பத்திரத்தைக் கேட்கின்றன.

இத்தனையையும் தாங்கிக்கொண்டு லொறியையும் வீட்டையும் தனித்தனியே வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சினும் வீடும் ஒன்றாகவே அமைந்த வாகனம் கராஜுக்குச் சென்றால், அன்றிரவு குடியிருப்பவர் வீடற்றவராகின்றார். 2008 ஆம் ஆண்டு நிதி நெருக்கடிக்குப் பின் வேன்களில் குடியேறிய முதியோரைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017 இல் எழுதிய 'நோமாட்லான்ட்' நூல் திரைப்படமாகி, 2021 இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. அப்படத்தில் கதாநாயகியின் வேன் பழுதடைகின்றது. திருத்துவதை விட விற்றுவிடுங்கள் என்கின்றார்கள் கராஜில். விற்க முடியாது, அதுதான் என் வீடு என்ற நிலையில் நிற்கும் அவள், இறுதியில் சகோதரியிடம் கடன் கேட்கச் செல்கின்றாள்.

ஜோட் குடும்பத்தின் ஹட்சனிலிருந்து அந்த வேன் வரை எண்பது ஆண்டுகள் கடந்திருந்தன. ஒரே நெடுஞ்சாலையில் விரும்பிப் போகின்றவரும் வேறு வழியின்றிப் போகின்றவரும் அருகருகே செல்கின்றனர். முன்னவருக்குக் கனரக லொறி கிடைக்கின்றது. பின்னவருக்குக் கிடைத்தது தேய்ந்த வேன். வெளியிலிருந்து பார்ப்பவர் இருவரையும் சுதந்திரப் பறவைகள் என்றே அழைக்கக்கூடும். இருவரையும் வேறுபடுத்துவது எஞ்சின் நின்றுபோகும் நாளில் கையில் உள்ள பணமும், பாதுகாப்பாக நிறுத்துவதற்கு ஓர் இடமுமே. வீட்டுக்குச் சக்கரம் பூட்டுவதைப் பற்றி எண்ணுபவர்கள், அது எவ்வளவு தூரம் ஓடும் என்பதை விட, எங்கே எப்படி நிற்கும் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.