கண்ணாடித் தொட்டிக்குள் கடல்

1850களில் இங்கிலாந்தின் வரவேற்பறைகளுக்குக் கடல் குடிவந்தது. 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய ‘தி அக்வேரியம்’ அந்த மோகத்தை மேலும் கூட்டியது. ஆனால் வெயில் பட்ட தொட்டிகளில் பச்சைப்பாசி படர்ந்து கண்ணாடியை மறைத்தது.

லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், 1850 வாக்கில் நன்னீர்த் தொட்டியில் அழுகும் இலைகளைத் தின்ன நத்தைகளை விட்டிருந்தார். அதே உத்தி உப்புநீருக்கும் வந்தது. பெரிவிங்கிள் என்னும் கடல் நத்தை, அரம் போன்ற நாக்கால் பாசியைச் சுரண்டித் தின்றது.

பவளம் வளர்ப்போருக்கு இன்று தலைவலி ஐப்டேசியா.

பாறையோடு ஒட்டிவரும் இந்தச் சிறு கடல் சாமந்தி, அருகிலுள்ள பவளத்தைக் கொட்டும். பிய்த்தெடுத்தாலோ மிஞ்சிய துணுக்கிலிருந்தே மீண்டும் முளைக்கும். இதற்கும் தீர்வு வாரிங்டன் வழிதான்: பெர்கியா என்ற ஓடில்லாக் கடல் நத்தை. ஐப்டேசியா தீர்ந்ததும் அது பட்டினி கிடக்கும் என்பதால், வளர்ப்போர் அதை அடுத்தவர் தொட்டிக்குக் கைமாற்றிவிடுகிறார்கள்.