பிரம்பும் வகுப்பறை ஒழுங்கும்

வகுப்பறை ஒழுங்கு என்றவுடன் பிரம்பை நினைக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அதன் வரலாற்றை நடுநிலைப்பள்ளி ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம்.

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகினர். சட்டாம்பிள்ளை இளையோருக்குக் கற்பித்தான். 1789-இல் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளரான ஆண்ட்ரூ பெல் இவ்வழியைக் கைக்கொண்டார். இங்கிலாந்தில் அது ‘சென்னை முறை’ எனப் பரவிற்று. பிள்ளைக்கு வேலையும் பொறுப்பும் தந்தால் வகுப்புத் தானே அடங்கும் என்பதே அதன் உட்பொருள். எனினும் அதே திண்ணையில் பிரம்படியும் கோதண்டமும் இருந்தன. நம் பிள்ளைகளுக்கோ திண்ணையே எட்டவில்லை.

1894-இல் கர்னல் ஆல்காட் சென்னையில் நம்மவர்க்கென இலவசப் பள்ளி தொடங்கினார். பொதுப் பள்ளிகளில் நுழைந்தோர் பலர் ஒதுக்கியே அமர்த்தப்பட்டனர். அண்ணல் அம்பேத்கர் சாத்தாராவில் தனிச் சாக்கில் அமர்ந்து பயின்றார். அங்கே ஒழுங்கென்பது விலக்கி வைத்தலின் மறுபெயராயிற்று.

தமிழ்நாட்டில் 2003-இல் கல்வி விதிகள் திருத்தப்பட்டு உடல் தண்டனை விலக்கப்பட்டது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மனத்தை வருத்தும் செயலையும் சேர்த்துத் தடுத்தது.

முதல் தலைமுறையாகப் பயிலும் பிள்ளை அவமானத்துக்கு அஞ்சி ஒருநாள் நின்றால், மறுநாள் கூலிவேலை அவனை அழைத்துக்கொள்ளும். ஆதலின் ஆசிரியர்களை நாம் வேண்டுவது இதுவே: வகுப்புத் தலைவர் பொறுப்பும், முன்வரிசை இடமும், துடைப்பமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முறைவைத்து வரட்டும். அத்தகைய வகுப்பில் ஒழுங்கு நிலைக்கும்.