மாரிக்குப்பம் ரயிலில் ஒரு ஜோடி பூட்ஸ்

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூர் புறப்படும் ரயிலில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடிய பிறகு கோலார் தங்கவயலின் பிழைப்பு இந்தத் தண்டவாளத்தின் மேல்தான் ஓடுகிறது. கட்டட வேலைக்குப் போகிறவர்கள், செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் இருட்டோடு ஏறி இருட்டோடு திரும்புகிறார்கள். அப்படி ஒரு விடியலில் என் எதிரே வந்து நின்ற பையனின் கழுத்தில், நாடாவால் முடிச்சுப் போட்ட ஒரு ஜோடி பூட்ஸ் மாலைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. கால்பந்து பூட்ஸ். வலது காலுடையதில் ஒரு ஸ்டட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. இரண்டின் நுனியிலும் செய்தித்தாளைக் கசக்கித் திணித்திருந்தான்.

“உன்னுதா தம்பி?”

“எங்க அண்ணன் போட்டதுண்ணே. அதுக்கு முன்னாடி எங்க கோச்சோட தம்பி. ஒரு சைஸ் பெருசு, அதான் பேப்பர்.”

பெங்களூரில் ஒரு அணித் தேர்வுக்குப் போகிறானாம். மூன்று மாதத்துக்கு முன்புவரை வெறுங்காலில்தான் ஆடியிருக்கிறான். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்தான் இதை எழுத வைத்தது: “இத போட்டா பந்து தெரிய மாட்டேங்குதுண்ணே.”

கண்ணுக்கு அல்ல, காலுக்குத் தெரியவில்லை என்கிறான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, அவன் கழுத்தில் தொங்கிய பொருள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன்.

பூட்ஸ் பிறந்த இடத்தில் அது தொழிலாளியின் பொருள். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன கனத்த தோல் பூட்ஸோடுதான் ஆட்களும் மைதானத்தில் இறங்கினார்கள். கணுக்காலை மூடும் உயரம், கல்லுபோல் இறுகிய முனை, பிடிமானத்துக்கு அடியில் ஆணி. எதிராளியின் முழங்கால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். 1863ல் லண்டனில் கால்பந்துச் சங்கம் எழுதிய முதல் விதிகளிலேயே, துருத்திய ஆணியும் இரும்புத் தகடும் வைத்த பூட்ஸுக்குத் தடை இருக்கிறது. பந்தைக் கையால் தொடலாமா கூடாதா என்று வாதாடிக்கொண்டிருந்த அதே நாட்களில் பூட்ஸைப் பற்றியும் அவர்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

கப்பல் ஏறியதும் அது துரையின் பொருளாகிவிட்டது. 1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே தங்கம் தோண்ட வந்தது. கார்ன்வாலிலிருந்து சுரங்க வேலை தெரிந்தவர்கள் வந்தார்கள். அவர்களோடு கிளப், கோல்ஃப் மைதானம், ஜிம்கானா எல்லாம் வந்தன. 1894ல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, கிளை ரயில் வந்தது. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரமும் வந்துவிட்டது. சின்ன இங்கிலாந்து என்று பேர் வாங்கிய ஊரில் விளையாட்டுச் சாமான்களும் அந்த ரயில் வழியாகத்தான் இறங்கியிருக்க வேண்டும்.

சுரங்க ஷாஃப்டில் இறங்கியவர்கள் யார்? பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள், அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். மூங்கில் தட்டி அடைத்த லைன் வீடுகளில் இருந்தார்கள். என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். ஷிப்ட் முடிந்து மேலே வந்து, லைன் முன்னால் துணிப்பந்தை வைத்து வெறுங்காலில் ஆடுவார் என்று பாட்டி சொல்லுவாள். பூமிக்குள் அத்தனை ஆழத்தில் நின்று களைத்த கால், மேலே வந்ததும் ஓடத்தான் ஆசைப்பட்டிருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

தங்கவயலிலிருந்து மலை இறங்கினால் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. அங்கே தொட்டிகளில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்கள். அந்தத் தோல் பாதிப் பதத்தில் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்து போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் போட்ட பூட்ஸ்களின் மேல்தோலுக்குச் சென்னை மாகாணத்துத் தோல் பெருமளவில் பயன்பட்டது. ஒரே மாவட்டத்துச் சனங்களில் ஒரு பகுதி தங்கம் தோண்ட மேடேறியது, இன்னொரு பகுதி தோல் தொட்டியில் இறங்கியது. துரை மாட்டிக்கொண்டு ஆடிய பூட்ஸில் ஆம்பூர்த் தோல் இருந்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. எங்கள் ஆட்களின் கை பட்ட தோல் கடல் தாண்டிப் போய், எங்கள் கால் தொட முடியாத பொருளாகத் திரும்பி வந்திருக்கிறது.

வெறுங்கால் ஆட்டத்தை வெறும் ஏழ்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1911 ஜூலை 29ல் கல்கத்தாவில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்டை 2–1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைத் தூக்கிய மோகன் பகான் அணியில் பூட்ஸ் போட்டிருந்தவர் ஒருவர்தான். காய்ந்து இறுகிய மண்ணில் வெறுங்காலுக்கு வேகம் அதிகம், திரும்புவது சுலபம். பந்தின் தையலைக்கூட விரல் படித்துவிடும். மழை பெய்து தரை வழுக்கினால்தான் ஸ்டட் வைத்தவன் கை ஓங்கும். பெங்களூர் மைதானங்களின் கெட்டித் தரையில் வளர்ந்த ஆட்டக்காரர்களுக்கு இந்தக் கால் வித்தை கைவந்திருந்தது. சாரங்கபாணி ராமன், அகமது கான், தன்ராஜ் மூவரும் அந்த ஊர்க்காரர்கள். பின்னாளில் ஈஸ்ட் பெங்காலின் பஞ்ச பாண்டவர்கள் என்று கொண்டாடப்பட்ட ஐவரில் அகமது கானும் தன்ராஜும் இருந்தார்கள்.

1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக்ஸ், பிரான்ஸுக்கு எதிரான ஆட்டம். இந்திய அணியில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடு இறங்கினார்கள். இரண்டு பெனால்டிகள் வீணாயின. ஆட்டம் 2–1 என்று கைவிட்டுப் போனது. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோல், ஒரு பெங்களூர்க்காரர் காலிலிருந்து வந்தது. எங்கள் பள்ளிப் பாடத்தில் இது எங்குமே இல்லை. சேர்க்க வேண்டும்.

நான்கு வருடம் கழித்து ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோல்வி. அந்த ஒரு கோல் அகமது கானுடையது. குளிர், பழகாத தரை, எதிரே பூட்ஸ் போட்டுப் பயின்ற முரட்டு அணி. ஊர் திரும்பியதும் இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

சம்மேளனத்துக்கு அது ஒரு தீர்மானம், ஒரே நாளில் எழுதிவிடலாம். பயிற்சியாளருக்கோ ஒரு தலைமுறைக் காலையே மாற்றி வளர்க்கும் வேலை. அந்த வேலை சையத் அப்துல் ரஹீமின் தலையில் விழுந்தது. ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் அவர். 1950லிருந்து 1954வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை வென்ற ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியை வளர்த்தவர். ஹெல்சிங்கியில் தோற்ற அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர்.

ரஹீம் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை அவர் பையன்களுக்கு நடத்திய விசித்திரமான போட்டிகள். ஒரு போட்டியில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது, வந்த வேகத்தில் ஒரே தொடுதலில் அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டும்தான் ஆடலாம். வலக்கால் பையன் இடக்காலால் தடுமாறுவான், விழுவான், நாலைந்து ஆட்டத்தில் தேறிவிடுவான். விதியை லேசாகத் திருப்பி வைத்தால் பிள்ளை தானாகவே புதிய அசைவைக் கண்டுபிடித்துக்கொள்வான் என்று இன்றைய பயிற்சியியல் ஆய்வாளர்கள் கட்டுரை கட்டுரையாக எழுதுகிறார்கள். ரஹீம் அதை 1950களிலேயே மண்ணில் இறக்கிப் பார்த்துவிட்டார். வெறுங்காலின் பெருமையெல்லாம் பந்தைத் தன்னோடு ஒட்டிக்கொண்டு ஓடுவதில் இருந்தது. பூட்ஸ் காலுக்கு வேறு கணக்கு வேண்டும், பந்தைச் சீக்கிரம் விட்டுப் பிரியத் தெரிய வேண்டும். அந்தப் போட்டிகள் இந்த மாற்றத்துக்கான பள்ளிக்கூடமாகவும் இருந்தன என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அவர் கையில் வளர்ந்தவர்தான் துளசிதாஸ் பலராம். செகந்தராபாத் பக்கம் அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்கு 1936ல் பிறந்தவர். அவருடைய முதல் பூட்ஸ், காவலர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸிலிருந்து செருப்புத் தைப்பவர் ஒருவர் அறுத்துத் தைத்துக் கொடுத்தது என்று சொல்வார்கள். பயிற்சிக்கு வந்துபோகக் காசில்லை என்று அவர் தயங்கியபோது, வாடகை சைக்கிளுக்கு ரஹீம் தினமும் ஒரு ரூபாய் கொடுத்ததாகவும் சொல்வதுண்டு. பலராம் 1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம் பிடித்த அணியில் இருந்தார். 1962ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2–1 என்று வென்று ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கிய அணியிலும் இருந்தார். அந்த ஜகார்த்தா அணியில் பீட்டர் தங்கராஜும் பெங்களூர் அருமைநாயகமும் உண்டு. நுரையீரல் புற்றுநோயோடு அணியை நடத்திய ரஹீம் அடுத்த வருடம் ஜூன் மாதம் இறந்துபோனார். ஒரு ஜோடி பூட்ஸ், சைக்கிள் வாடகை, கூடவே நிற்கும் ஒரு வாத்தியார். ஒரு தலைமுறைக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. அதற்குக் குறைந்தால் நடந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதற்கிடையில் பூட்ஸும் சும்மா இருக்கவில்லை, மெல்ல மெல்ல வெறுங்காலை நோக்கி வந்துகொண்டிருந்தது. 1954 ஜூலை 4, பெர்ன் நகரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், மழை. ஆடி டாஸ்லர் செய்து கொடுத்த லேசான, ஸ்டட்டைக் கழற்றி மாட்டக்கூடிய பூட்ஸோடு ஆடிய மேற்கு ஜெர்மனி, ஹங்கேரியை 3–2 என்று வென்றது. கணுக்கால் உயரம் குறைந்தது, தோல் மெலிந்தது, முனையின் கடினம் போனது. லிவர்பூலில் ஆடி ஓய்ந்த கிரெய்க் ஜான்ஸ்டன் ஆஸ்திரேலியாவில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, பூட்ஸ் பந்தைப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தது. அவர் மேசைப்பந்து மட்டையின் ரப்பரை உரித்துத் தன் பூட்ஸில் ஒட்டிப் பார்த்தார். 1994ல் கடைக்கு வந்த பிரெடேட்டர் பூட்ஸ் அந்தப் பரிசோதனையில் பிறந்தது.

ரயில் பையன் சொன்ன “தெரிய மாட்டேங்குது” ஆய்வுக்கூடத்திலும் பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கோர்டன் வாடிங்டன், ரோஜர் ஆடம்ஸ் இருவரும் 2003ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணுக்கால் உள்பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதை ஆட்டக்காரரால் எவ்வளவு நுட்பமாகப் பிரித்துச் சொல்ல முடிகிறது என்று அளந்தார்கள். வெறுங்காலில் நன்றாகச் சொன்னவர்கள், பூட்ஸ் மாட்டியதும் தடுமாறினார்கள். பிறகு பூட்ஸுக்குள் வழவழப்பான உள்தகட்டுக்குப் பதிலாக மேடும் பள்ளமுமான தகட்டை வைத்தார்கள். உணர்வு திரும்பி வந்தது. பாதத்தின் அடித்தோல் தரையின் சேதியை மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது, இடையில் வழவழப்பு வந்தால் சேதி மங்குகிறது. கணுக்கால் பிசகுவதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதால்தான் அவர்கள் அளந்ததே.

இன்னொரு ஆய்வும் தங்கவயல்காரனான எனக்கு முக்கியமாகப் படுகிறது. கனடாவின் ஜான் கோட்டேயும் அவருடைய கூட்டாளிகளும் 2006ல், வட அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டு வீரர்கள் எந்த அளவு ஊர்களில் பிறந்தவர்கள் என்று கணக்கெடுத்தார்கள். பெருநகரங்களைவிட, ஐந்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஊர்களிலிருந்து எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். சின்ன ஊரில் பிள்ளைகளுக்குத் திறந்த இடம் கிடைக்கிறது, பெரியவர்களின் அதட்டல் இல்லாமல் மணிக்கணக்கில் விளையாடுகிறார்கள், வயது வித்தியாசம் பாராமல் கலந்து ஆடுகிறார்கள் என்பது அவர்கள் தரும் விளக்கம். தங்கவயலின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். லைன் வீதி இருக்கிறது, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மலையடியில் வெட்டவெளி இருக்கிறது, அந்தத் தூசி உடம்புக்கு நல்லதில்லை என்றாலும் பிள்ளைகள் ஆடுகிறார்கள். ஆய்வு கேட்கும் முதல் பாதி எங்களிடம் தாராளமாக உண்டு. ஆட்டத்திலிருந்து அணிக்கு ஏற்றிவிடும் படிதான் சுரங்கக் கம்பெனியோடு போய்விட்டது. படி இப்போது நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதில் கால் வைக்கும் கட்டணத்தில் முதல் செலவு பூட்ஸ். 1950களின் தொடக்கம்வரை பெங்களூரில் பூட்ஸ் இல்லாதவனும் அணியில் இருந்தான். இன்று பூட்ஸ் இல்லாமல் தேர்வுக்கு வரும் பையனை மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். காயம் படக்கூடாது என்பதற்காகத்தான், அது நியாயம். ஆனால் திறமையைத் தேடுகிறோம் என்று சொல்கிற எந்த அமைப்பும், தேர்வு நாளுக்கு ஆறு மாதம் முன்பே பிள்ளையின் காலளவுக்குப் பூட்ஸ் கொடுத்திருக்க வேண்டும். மூன்று மாதப் பழக்கத்தில் வந்து நிற்கும் பையனிடம் நாம் பார்ப்பது அவன் ஆட்டத்தை அல்ல, அவனுக்கும் பூட்ஸுக்கும் நடக்கும் சண்டையை.

பையனிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. கோச் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டேன்.

“ஒரு நாள் பூட்ஸ், ஒரு நாள் வெறுங்கால்னு ஆட சொன்னாருண்ணே. அப்புறம் வீட்ல இருக்கும்போதே போட்டுக்கினு செவுத்துல அடிச்சிக்கினே இருன்னாரு. லெஃப்ட்ல நூறு.”

ரஹீமையும் ஆஸ்திரேலிய ஆய்வையும் அந்தக் கோச் படித்திருப்பாரா தெரியாது. சம்பளம் வாங்காமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்கு வந்து நிற்கும் ஒரு மனிதர், தன் தம்பியின் பூட்ஸைத் தூக்கிக் கொடுத்து, காலையும் பூட்ஸையும் ஒன்றுக்கொன்று பழக்கிக்கொண்டிருக்கிறார்.

பெங்களூர் கன்டோன்மென்ட் நெருங்கும்போது பையன் கழுத்திலிருந்து பூட்ஸை இறக்கி, நின்றபடியே இடதுகாலில் மாட்டிப் பார்த்தான். நுனியிலிருந்த செய்தித்தாளை வெளியே எடுத்தான். பாதியைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மீதியைச் சின்னதாக மடித்துத் திரும்ப வைத்தான். பெருவிரலை உள்ளே அசைத்தான். தரையில் யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டு வந்தது. அதைப் பாதத்தின் அடியால் நிறுத்தி, மெல்லப் பின்னுக்கு இழுத்து, மறுபடி முன்னால் தள்ளினான்.

“இப்போ கொஞ்சம் தெரியுதுண்ணே” என்றான்.