பூனைக்காலி விதையும் நடுக்குவாதமும்

மருந்தாளுநராக இருந்த காலமெல்லாம் நடுக்குவாதக்காரர்களுக்கு லெவோடோபா மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த மருந்துப் பொருளை 1937-லேயே சென்னையில் பிரித்தெடுத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தபோது பெருமையாக இருந்தது. மனசு கனக்கவும் செய்தது. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் அதைப் பூனைக்காலி விதையிலிருந்து எடுத்தார்கள். வேலியில் படர்ந்து, காயைத் தொட்டால் அரிப்பெடுக்குமே, அதே பூனைக்காலிதான். மூளையில் எந்தக் குறையை அந்த மருந்துப் பொருள் நிரப்பும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

நோய் தெரியும். லண்டன் ஹாக்ஸ்டனில் வைத்தியம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-லேயே ஆறு பேரைக் கவனித்து எழுதிவிட்டார். அவர்களில் சிலர் தெருவில் அவர் கண்ணில் பட்டவர்கள்! ஆனால் கோளாறு கழுத்துத் தண்டுவடத்தில் என்று எண்ணி, பின்கழுத்தில் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

1919-ல் பாரிசில் ட்ரெட்யாகோஃப், இறந்த நோயாளிகளின் நடுமூளையில் கறுத்திருக்க வேண்டிய பட்டை வெளுத்திருப்பதைக் கண்டார். 1957-ல் ஸ்வீடனில் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அது நம் சர்ப்பகந்தா வேரில் உள்ள மருந்து. முயல்கள் அசையாமல் கிடந்தன. டோபா ஊசி போட்டதும் எழுந்து நடமாடின; லெவோடோபா இந்த டோபாவின் ஒரு வடிவம். 1960-ல் வியன்னாவில் ஹார்னிகிவிச், நோயாளிகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வற்றிப்போனதை அளந்தே காட்டினார். டோபமைனை நேராகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. லெவோடோபா போகும், அங்கே டோபமைனாக மாறும். மறு ஆண்டே மருத்துவர் பிர்க்மாயரோடு சேர்ந்து ஊசியாகக் கொடுத்தார். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள், சில மணி நேரத்துக்கு. 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் டோபாவின் அளவை மெல்லக் கூட்டி வாய்வழியாகக் கொடுத்தபின்தான் பலன் நிலைத்தது. சென்னை விதைக்குப் பிறகு 30 வருஷம்! எத்தனை பேர் அதற்குள் கட்டிலோடு கிடந்து போயிருப்பார்கள்.

கை நடுங்கத் தொடங்கும்போது டோபமைன் சுரக்கும் அந்த நடுமூளைப் பட்டையின் செல்களில் கணிசமான பங்கு அழிந்திருக்கும். முன்னறிகுறிகள் வேறு. கடையில் ஒரு பெரியவர் கணக்கு நோட்டில் கையெழுத்துப் போடுவார். பெயரின் முதலெழுத்து பெரிதாக இருக்கும், கடைசி எழுத்து எறும்பளவுக்குச் சுருங்கிவிடும். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாது. வாசனை தெரியாமல் போவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கனவோடு கைகாலை உதறுவது எல்லாம் வருஷக்கணக்கில் முன்பே வரலாம்.

அப்பா அம்மாவுக்கு இவை சேர்ந்து வந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பூனைக்காலிச் சூரணத்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அதிலும் லெவோடோபா இருக்கிறது, எவ்வளவு என்பது பொடிக்குப் பொடி மாறும்.