மரத்துளையில் அடைத்த உரம்

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில், உரம் போட்ட மறுநாள் கடும் மழை. கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் கீழே ஓடும் ஆற்றைக் காட்டி, போட்டதில் பாதி அங்கேதான் போகிறது என்று என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. யூரியா தண்ணீரில் உடனே கரையும். வேர் எடுத்தது போக மிச்சம் மழையோடு கழுவுண்டோ வாயுவாகவோ போய்விடும்.

இந்த இழப்பைக் குறைக்க நம் நாட்டிலேயே ஒரு பொருளை உருவாக்கினார்கள். இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்தில் நில்வலா கோட்டேகொட உள்ளிட்ட குழு 2011இல் அதை வெளியிட்டது. எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தரும் கனிமம் ஹைட்ரொக்சிஅபடைட். அதைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக்கி, அவற்றில் யூரியாவைப் பிணைத்தார்கள். பிறகு அந்தத் துகள்களை கிளிரிசீடியா மரத்தின் நுண்துளைகளுக்குள் அழுத்திச் செலுத்தினார்கள். வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறிய அதே குழாய்கள் உரம் காக்கும் அறைகளாயின. ஈரம் படப்பட நைதரசன் மெல்ல மெல்ல வெளியேறும்.

சுமார் 1600 மீற்றர், 700 மீற்றர், கடல்மட்டம் என மூன்று உயரங்களின் மண்ணில் சோதித்தார்கள். உயரமான இடத்து மண்ணின் பீஎச் 4.2, தேயிலைக்கு ஏற்ற அமில மண். வழமையான உரம் தொடக்கத்திலேயே பெருமளவு நைதரசனைக் கொட்டி, 30ஆம் நாளளவில் ஓய்ந்தது. மரத்துளை உரம் 60ஆம் நாளிலும் கொடுத்துக்கொண்டிருந்தது. இது மண் சோதனை மட்டுமே, கொழுந்து விளைச்சலின் கணக்கல்ல.

2017இல் மரமில்லாமல், யூரியாவும் அந்தக் கனிமமும் சேர்ந்த கலவையை வெளியிட்டார்கள். அது நைதரசனை 12 மடங்கு மெதுவாக விட்டது. பாதி யூரியாவிலும் நெல் விளைச்சல் குறையவில்லை. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கே போரையும் சுமந்து, இன்று வயல் செய்யும் குடும்பங்களுக்கும் இது தொடர்புள்ள செய்தி.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, மறு ஆண்டு 25 கோடி அளவுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தால் கேட்ட கிலோ சேராது, சேராவிட்டால் அரைப்பேர்தான். ஆகவே உரம் ஆற்றில் போவது தோட்ட நிர்வாகத்தின் நட்டம் மட்டுமல்ல, அந்த அக்காவின் நாள் சம்பளமும்தான். இத்தகைய உரம் மலைக்கு வரும் நாளில், மிச்சமாகும் பணத்தில் அவருக்கு எவ்வளவு என்பதையும் நாம் கேட்க வேண்டும்.